எட்டாம் தூணில் தொங்கிய பை

ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தேன். இடது கையில் ஸ்க்ரூடிரைவர். வலது கையில் யாரோ ஒருவருடைய மஞ்சள் துணிப்பை. கீழே எங்கள் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் ராஜு சார் இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட், எட்டாம் தூண். கத்திரி வெயில் நாள் ஒன்றின் காலை பத்தரை மணி.

பை சுட்டது.

"ஏமம்மா, என்ன கிடைச்சது?" என்றார் ராஜு சார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் முதல் வார்த்தை மட்டும் தெலுங்கில் வரும்.

நான் மூக்குக்கு நேரே இருந்த சின்னப் பெட்டியில் ஓடிய எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையைக் கிட்டே கொண்டுபோனால் எண் மெல்ல இறங்கியது. தள்ளிப் பிடித்தால் ஏறியது. நம்ப முடியாமல் மறுபடி கிட்டே, மறுபடி தள்ளி.

"அங்க என்ன, தீபாராதனையா காட்டுற?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு, அழுகை, ஆத்திரம் மூன்றும் சேர்ந்தே வந்தன. மூன்று வாரமாக நான் தேடிய பேய் அந்தப் பைக்குள் இருந்தது. அதைவிடக் கொடுமை, அந்தப் பையை அதே இடத்தில் பலமுறை என் கையாலேயே மாட்டியிருக்கிறேன்.

அந்த மூன்று வாரத்தைச் சொல்லாமல் பையைத் திறந்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. நான் ஸ்டூலிலேயே நிற்கிறேன். நீங்கள் கொஞ்சம் பின்னால் வாருங்கள்.

காற்றுக்கு ஒரு எண்

போன வாரம் இந்தத் தொடரில் வந்த, நான் மில்லில் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். "எல்லாம் சரி, நீ அங்க என்னதான் வேல பாத்த? அத எழுதவே இல்லையே" என்றாள். கூடப் பிறந்தவளுக்கே தெரியவில்லை என்றால் உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். மில்லில் அளக்கிற கருவி எதுவாக இருந்தாலும் அது என் பொறுப்பு. வெப்பம், அழுத்தம், தண்ணீர் மட்டம், காற்றின் ஈரம் எல்லாம். எஸ்தர் என்ற என் பெயர் சேர்ந்த இரண்டாம் வாரமே மறைந்து 'மீட்டர் மேடம்' என்று ஆகிவிட்டது.

பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரம் குறைந்தால் நூல் பொட்டுப் பொட்டென்று அறும். ஈரம் கூடினால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. எங்கள் மில்லில் அது ஐம்பத்தெட்டு சதவீதம்.

எட்டாம் தூணில், ஆள் உயரத்துக்கு மேலே, சோப்பு டப்பா அளவில் ஒரு சென்சார் இருந்தது. அது காற்றின் ஈரத்தை அளந்து பேனல் ரூமில் இருக்கும் கன்ட்ரோலருக்குச் சொல்லும். ஈரம் ஐம்பத்தெட்டுக்குக் கீழே போனால் கன்ட்ரோலர் வெளியே உள்ள காற்றுப் பிளான்டுக்கு உத்தரவு போடும். விசிறி வேகமாகச் சுற்றும், தண்ணீர் அதிகமாகத் தெளிக்கும், குளிர்ந்த ஈரக்காற்று கூரையில் ஓடும் பெரிய தகரக் குழாய் வழியாக உள்ளே வந்து கொட்டும். எண் ஏறிவிட்டால், போதும் என்று அடங்கும்.

இந்தக் கன்ட்ரோலர்களுக்குச் சூடு ஆகாது. அதனால் பேனல் ரூமுக்கு மட்டும் ஏசி. அவற்றைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் எனக்கும் அந்த ஏசி கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூட்டப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்து, அந்த அறைக் கதவைத் திறக்கும்போது முகத்தில் படுகிற குளிர்ச்சிக்காகவே நான் சம்பளம் வாங்காமல்கூட வேலை பார்த்திருப்பேன்.

எங்கள் வீட்டு மோட்டார்

வேலைக்கு இன்டர்வியூ நடந்தபோது ராஜு சார் கேட்டது ஒரே கேள்விதான். "கன்ட்ரோல் லூப்னா என்ன?"

ஐ.டி.ஐ.யில் மனப்பாடம் செய்தது அத்தனையும் அந்த நிமிஷம் மறந்து போயிற்று. வாயில் வந்தது எங்கள் வீட்டு மோட்டார்தான்.

"சார், எங்க வீட்டு மாடியில தண்ணித் தொட்டி. தங்கச்சி மேல நின்னு மட்டத்தப் பாப்பா. அவதான் சென்சார். அம்மா அடுப்படியில நின்னு, போதுமா இன்னும் வேணுமான்னு முடிவெடுப்பாவ. அவியதான் கன்ட்ரோலர். தம்பி சுவிட்ச் பக்கத்துல படுத்திருப்பான். அம்மா சொன்னா அமத்தணும். அவன்தான் கடைசியில வேல செய்யிற உறுப்பு."

ராஜு சார் பேனாவைக் கீழே வைத்தார். "தொட்டி வழியுமா?"

"தினமும் வழியும் சார்."

"ஏன்?"

"தங்கச்சி கத்துறது மிக்ஸி சத்தத்துல அம்மாவுக்குக் கேக்காது. கேட்டு அம்மா கத்துறதுக்குள்ள தம்பி போன்ல மூழ்கிருவான். அவன் எந்திரிச்சு அமத்துறதுக்குள்ள தெருவுக்கே தண்ணி போயிரும்."

"அதுக்குப் பேரு டெட் டைம்" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது. ஆறு மாதம் பயிற்சி. அது முடிந்ததும் நிரந்தர ஆணை, இல்லாவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்கு என்றால் மறுபடி ஜெராக்ஸ் கடைக்கு என்று அர்த்தம். படித்து முடித்து இரண்டு வருஷம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் பால்கோவா கிளறுகிற வாசனை வரும். அதன் மேல் சூடான பிளாஸ்டிக் வாசனை ஏறும். இரண்டும் கலந்தால் எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். அந்த வாசனைக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் லட்சியம்.

பயிற்சி முடிய ஒரு மாதம் இருந்தபோது எட்டாம் தூண் என் வாழ்க்கையில் குறுக்கிட்டது.

பத்தரை மணிப் பேய்

காலை முழுவதும் ஐம்பத்தெட்டில் ஒழுங்காக ஓடும் கோடு, பத்தரை மணிக்குத் தொபுக்கென்று ஐம்பதுக்கு இறங்கும். உடனே பிளான்ட் முழு வேகத்தில் ஓடும். ஈரக்காற்று கொட்டும். அரை மணி நேரத்தில் உருளைகளில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். மெஷின்கள் நிற்கும். ஸ்பின்னிங் மாஸ்டர் ராஜு சாரைத் திட்டுவார். ராஜு சார் என்னைத் திட்டுவார். எனக்குக் கீழே திட்டுவதற்கு ஆள் கிடையாது.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். சென்சாரைத் தாங்குகிற இரும்புக் கொக்கியில் ஒரு மஞ்சள் பை தொங்கும். மில்லில் எந்தத் தூணில்தான் பை தொங்கவில்லை? அதைக் கழற்றிக் கீழே வைப்பேன். மூடியைத் திறந்து, ஊதி, திருகாணிகளை முறுக்குவேன். பத்து நிமிஷத்தில் எண் ஐம்பத்தெட்டுக்கு வந்துவிடும். சந்தோஷமாக மூடியைப் போட்டுவிட்டு, அடுத்தவர் பொருளாயிற்றே என்று பையை எடுத்து மரியாதையாக அதே கொக்கியில் மாட்டிவிட்டு இறங்குவேன்.

பேனல் ரூமுக்கு வந்து உட்காருவதற்குள் எண் மறுபடி இறங்கியிருக்கும்.

பிளான்ட் ஆபரேட்டர் முருகேசண்ணன் இதை எர்த் கோளாறு என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாமே எர்த் கோளாறுதான். அவர் மகன் கணக்கில் தோற்றதற்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் எர்த் சரியில்லை என்றவர். எர்த் கம்பியைப் பார்த்தோம். நன்றாக இருந்தது.

"அப்ப கண்ணேறுதான் தங்கச்சி" என்று சொல்லி, மறுநாள் எட்டாம் தூணில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டார். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

அன்று கோடு நேராக ஓடியது! பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஒரு அசைவு இல்லை. முருகேசண்ணன் டிபார்ட்மென்ட் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நான் படித்த படிப்பையெல்லாம் நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டே இருக்க, பத்தரைக்கு எண் மறுபடி ஐம்பதுக்கு இறங்கியது.

நான் செய்த திருத்தம்

இனி படித்தவள்போல் நடந்துகொள்வது என்று முடிவு செய்தேன். சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் ஒன்று, சும்மா ஒன்று, இரண்டையும் ஒரு சட்டத்தில் பொருத்திக் கிலுகிலுப்பைபோலச் சுழற்ற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஈரத்தைச் சொல்லிவிடும். அதை முருகேசண்ணனிடம் கொடுத்துத் தூணுக்குக் கீழே சுழற்றச் சொல்லிவிட்டு, நான் பேனல் ரூமில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஐம்பத்தெட்டு தங்கச்சி!"

என் எதிரே கன்ட்ரோலர் ஐம்பது என்றது. அப்படியானால் சென்சார் எட்டு குறைவாகச் சொல்கிறது. கன்ட்ரோலரில் எட்டைக் கூட்டினேன். இரண்டும் ஒன்றாகிவிட்டன. சுகமாகப் போய்ச் சாப்பிட்டேன்.

நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கொக்கியிலிருந்து பை போய்விட்டது. உண்மையிலேயே ஐம்பத்தெட்டாக இருந்த காற்றை, என் எட்டையும் சேர்த்து அறுபத்தாறு என்று கன்ட்ரோலர் படித்தது. ஈரம் மிதமிஞ்சி விட்டது என்று பிளான்டை அடக்கிவிட்டது. நான் திரும்பி வந்தபோது டிபார்ட்மென்ட் காய்ந்து கிடந்தது. நூல் அறுந்து அறுந்து பஞ்சு பறந்தது. பெண்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் தலை நரைத்ததுபோல் இருந்தது.

எட்டைக் கழித்தேன். மறுநாள் நாலைக் கூட்டினேன். அதற்கு மறுநாள் எண் முன்னைவிடக் கீழே இறங்கியது.

பிறகு கன்ட்ரோலரின் குணத்தையே மாற்றப் பார்த்தேன். அதற்குள் மூன்று அமைப்புகள் உண்டு. எங்கள் குடும்பத்தை வைத்துச் சொன்னால் சுலபம். முதலாவது என் அம்மா. தப்பு எவ்வளவோ அவ்வளவு கத்துவாள். இரண்டாவது என் அத்தை. பழைய கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்து கணக்குத் தீர்ப்பாள். மூன்றாவது என் சித்தி. இன்னும் நடக்காததற்கே பதறுவாள். அம்மாவைக் குறைத்தேன். அத்தையைக் கூட்டினேன். சித்தியை அடியோடு நிறுத்தினேன். எங்கள் வீட்டில் ஒருநாளும் முடியாத காரியம் அது. இருந்தும் பயனில்லை.

இரண்டாம் வாரம் பேய் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. காலையில் கோடு சுத்தம். மாலை ஐந்து மணிக்கு இறக்கம். மூன்றாம் வாரம் மறுபடி காலை பத்தரை.

"பேய்க்கும் ஷிப்ட் போட்டிருக்கானுவளா?" என்றார் முருகேசண்ணன். அவர் விளையாட்டாகச் சொன்னார். நானும் சிரித்துத் தொலைத்தேன். விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

அந்த வாரம் ராஜு சார் என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். "அவர் வந்து கண்டுபிடிச்சிட்டா, நீ எதுக்குன்னு முதலாளி கேப்பார். நான் என்ன சொல்லட்டும்?"

எனக்கு லேமினேஷன் வாசனை அடித்தது.

வெந்நீர்

இப்போது ஸ்டூலுக்கு வாருங்கள்.

பைக்குள் பழைய சேலைத் துணி சுற்றி இரண்டு எவர்சில்வர் தூக்குவாளிகள். இரண்டிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். வழக்கமாக டீ நேரம் முடிந்து நான் வருவதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும். அன்று ராஜு சார் கூடவே வந்ததால் சீக்கிரம் வந்துவிட்டேன்.

சூடான காற்றில் ஈரத்தின் சதவீதம் குறைந்து காட்டும் என்பது முதல் வருஷப் பாடம். சென்சாருக்குக் கீழே சூட்டை வைத்தால் அது 'காய்கிறது, காய்கிறது' என்று அலறும். பிளான்ட் குளிர்ந்த காற்றைக் கொட்டும். வேர்க்கிறவர்களுக்கு அது போதும்.

"பை யாருது?" என்றார் ராஜு சார்.

 சிரிக்காமல் நின்ற அந்த ஒருத்தியைப் பார்த்தேன். சுப்புத்தாய். இருபத்திரண்டாம் நம்பர் மெஷின் பார்க்கிறவள். சேத்தூரிலிருந்து தினமும் வருகிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். முகம் வெளுத்துப் போயிருந்தது. கருவியில் கை வைத்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெயரைச் சொன்னால் போதும். பேய் பிடிபட்டது, என் வேலை நிலைத்தது. வாயைத் திறந்தேன்.

"என்னுது சார்."

பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பையை அந்தக் கொக்கியில் குறைந்தது பத்து முறை மாட்டியது நான். அது வெளியே தெரிந்தால் ராஜபாளையம் முழுக்கச் சிரிக்கும் என்ற பயம்தான் முதலில் வந்தது. மற்றதெல்லாம் பிறகு வந்தது.

"வெந்நீர் எதுக்கு?"

"சளி சார்."

"கத்திரியிலயா?"

"ஆமா சார். பழைய சளி."

ராஜு சார் தூக்குவாளியைக் காட்டினார். "குடி" என்றார்.

ஸ்டூலில் நின்றபடி, அந்த வெக்கையில், தூக்குவாளி மூடியில் ஊற்றி ஊதி ஊதி வெந்நீர் குடித்தேன். நாக்கு வெந்தது. இரண்டாவது மூடிக்கு என் மூக்கில் வேர்வை சொட்டியது. சுற்றி நின்ற அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சுப்புத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ராஜு சார் போய்விட்டார்.

இருபத்திரண்டாம் நம்பர்

மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிகிற நேரத்தில் அவளைப் பிடித்தேன்.

"எதுக்கு மேடம் பொய் சொன்னீய?" என்றாள் அவளாகவே.

"நீங்க எதுக்குக்கா மாட்டுனீய?"

"வாங்க, காட்டுதேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் இருபத்திரண்டாம் மெஷினின் கடைசியில் நிறுத்தினாள். "செத்த நேரம் இங்கனயே நில்லுங்க. எங்கயும் போவக் கூடாது."

நின்றேன். காற்றுக் குழாய் அந்த மூலைவரை வரவே இல்லை. மேலே தகரக் கூரை. பக்கத்தில் மோட்டார்கள் மூச்சுவிட்ட சூடு. ஐந்து நிமிஷத்தில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டியது. கண்ணிமையில் பஞ்சு ஒட்டியது. பத்தாவது நிமிஷம் தலை சுற்றியது.

"நாங்க எட்டு மணி நேரம் நிக்கோம்" என்றாள் சுப்புத்தாய். "ஒங்க மீட்டரு எங்க நிக்கி? அங்க பாருங்க."

எட்டாம் தூண் காற்றுக் குழாயின் வாய்க்கு நேர் கீழே இருந்தது. ஆறு மாதமாகப் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அது சொவமா காத்து வாங்கிக்கிட்டு, எல்லாம் சரியா இருக்குங்கும். நீங்களும் சரிங்கீய. ஒருநா டீ நேரத்துல கேன்டீன் வெந்நிய அங்கன மாட்டிட்டுப் போனேன். திரும்பி வந்தா இங்கவர காத்து வருது! மறுநாளும் மாட்டிப் பாத்தேன், வந்துச்சு. ஒரு வாளின்னா கால் மணியில காத்து வரும். ஆறிப்போனா அரை மணியில நின்னுரும். நீங்க என்னமோ நம்பர மாத்துனீய பாத்தீயளா, அதுலேருந்து ரெண்டு வாளி வேண்டியதாப் போச்சு."

எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு வரும், எவ்வளவு நேரம் கழித்து வரும் என்று மூன்று வாரமாக நான் கன்ட்ரோலரோடு மல்லுக்கட்டி அறிய முயன்றதை அவள் தூக்குவாளிக் கணக்கில் சொல்லிவிட்டாள்.

"எலுமிச்சம்பழம் கட்டுன அன்னைக்கு மட்டும் எப்படிக்கா சரியா இருந்துச்சு?"

"அன்னைக்கு ஊர்ல கோயில் கொடை. நான் லீவு."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "சொன்னோமே. மூணு தடவ மேஸ்திரிகிட்டச் சொல்லி வுட்டோம். மீட்டர் ஐம்பத்தெட்டு காட்டுது, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு பதில் வந்துச்சு. அது யாரு சொன்னது?"

நான்தான் சொன்னது. ஏசியில் உட்கார்ந்து, நாற்காலியைத் திருப்பாமலே சொன்னேன். அந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட அவமானம் இன்றைக்கும் கொஞ்சமும் குறையவில்லை.

ராஜு சாரின் சட்டை

அன்றைக்கே கிலுகிலுப்பையை நானே எடுத்துக்கொண்டு டிபார்ட்மென்டில் பன்னிரண்டு இடத்தில் சுழற்றினேன். எட்டாம் தூணில் ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டாம் மெஷின் கடைசியில் நாற்பத்தாறு. தாளில் எழுதி ராஜு சார் மேஜையில் வைத்தேன். சென்சார் இருக்கிற இடம் தப்பு, இடம் மாற்ற வேண்டும் என்றேன்.

"டிராயிங்ல எட்டாம் தூண்னு இருக்கு."

"டிராயிங் தப்பு சார்."

"அதுல கையெழுத்து போட்டது யாருன்னு தெரியுமா?"

தெரியும். டிராயிங்கின் மூலையில் பெரிதாக அவர் கையெழுத்துதான் இருந்தது. 

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நடந்துபோய் இருபத்திரண்டாம் மெஷினின் கடைசியில் நின்றார். பின்னால் கை கட்டிக்கொண்டு, எதையோ சோதிப்பவர்போலக் கால் மணி நேரம் நின்றார். வெள்ளைச் சட்டை. முதலில் அக்குள், பிறகு முதுகு, கடைசியில் சட்டைப் பையில் இருந்த என் தாளும் நனைந்தது.

திரும்பி வந்து கேட்டார். "கேபிள் எத்தனை மீட்டர் வேணும்?"

பிறகு ஒரு நிபந்தனை போட்டார். கோயம்புத்தூர் ஆளை எட்டு நாள் தள்ளி வரச் சொல்கிறேன். எட்டு நாளும் கோடு நேராக ஓட வேண்டும். ஓடினால் அவர் வர வேண்டாம், உனக்கு ஆர்டர். ஓடாவிட்டால் அவர் வருவார், நீ போகலாம்.

சென்சார் சுப்புத்தாயின் தலைக்கு மேலே போய் உட்கார்ந்தது. காற்று அந்த மூலைவரை வந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள் ஆயிற்று. கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஓடியது. சுப்புத்தாய் என்னை 'மேடம்' என்பதை விட்டுவிட்டு 'ஏட்டி எஸ்தரு' என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஏழாம் நாள் எனக்காகக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள், வேறு தூக்குவாளியில்.

எட்டாம் நாள்

காலை பத்தரை மணி. கோடு ஒரே தூக்காகத் தூக்கியது. இந்த முறை மேலே. அறுபது, அறுபத்தைந்து, எழுபது. பிளான்ட் அடங்கிவிட்டது.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புதிய இடத்தில், சென்சாரின் தலையில், நன்றாக நனைத்துப் பிழிந்த ஒரு பூத்துண்டு போர்த்தியிருந்தது.

யார் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. எட்டாம் தூண் பக்கத்திலிருந்து அடுக்கடுக்காகத் தும்மல் கேட்டது. மரியபுஷ்பம். எங்கள் சர்ச்சில் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள்.

"எங்க பக்கத்தையும் நெனச்சுப் பாருட்டி" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "சுப்புத்தாய்க்குக் காத்து அனுப்புதேன்னு எங்க தலையில தண்ணியாக் கொட்டுத. எட்டு நாளா நடுக்கம். நீங்க வெந்நி வச்சீய. நாங்க துண்டு போட்டோம்."

ஒரு சென்சாரை நகர்த்தி ஒரு மூலைக்கு நியாயம் செய்து, அந்தச் சந்தோஷத்தில் அடுத்த மூலையை மறந்தே போயிருந்தேன்.

துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினால், கீழே ராஜு சார். அதே இடுப்பு, அதே இரண்டு கைகள். மரியபுஷ்பத்தின் தும்மல் பாதியில் நின்றது. இந்தப் பக்கம் சுப்புத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துண்டு யாருது?"

எனக்கு இந்தத் தடவை யோசிக்கக்கூட நேரம் தேவைப்படவில்லை.

"என்னுது சார். வேர்த்துச்சு. தொடச்சிட்டு அங்கன போட்டேன்."

 ராஜு சார் துண்டைக் கேட்டு வாங்கினார். ஒரு பிழி பிழிந்தார். தண்ணீர் சளசளவென்று என் ஸ்டூல் கால் பக்கம் ஊற்றியது. அவ்வளவு வேர்வை ஒரு மனுஷிக்கு வர வாய்ப்பே இல்லை.

"ஆபீசுக்கு வா."

என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.  ஜெராக்ஸ் கடைக்காரர் புதுப் பெண்ணை வைத்துவிட்டாரா என்றுகூட யோசித்துக்கொண்டு போனேன்.

அவர் டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் போட்டார். நிரந்தர ஆணை. தேதியைப் பார்த்தேன். நான் வெந்நீர் குடித்த நாளின் தேதி.

"சார், எட்டு நாள்னு சொன்னீங்களே..."

"அது சென்சாருக்கு." பிறகு ஒரு வெற்று இன்டென்ட் பாரத்தை என் பக்கம் தள்ளினார். "இன்னொரு சென்சார் கேட்டு எழுது. ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம். ரெண்டோட சராசரிக்கு பிளான்ட் ஓடட்டும்."

எழுதினேன். பொருள், எண்ணிக்கை, இடம். கடைசியில் 'வாங்குவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். பேனா நின்றுவிட்டது. உண்மையை எழுதினால் இரண்டு பேருக்கு வேலை போகும்.

"என்ன சார் எழுத?"

ராஜு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"போன வாரம் சளி. இந்த வாரம் வேர்வை. எழுதிக்கோ: டெக்னீஷியனின் உடல்நிலை."